மெலிவுக்கு வலிவு சேர்த்த வரலாறு

இசையின் தானங்களை மெலிவு, சமன், வலிவு என மூன்றாகப் பகுத்தனர் பழந்தமிழ் இசைவாணர். மந்தரம், மத்திமம், தாரம் என வடமொழியாளர் வழங்குவனவும் இவையே. கீழ்த் தானத்திற்கு மெலிவு என்று பெயரிட்டவர் யாவராயினும் செவி நுட்பம் மிக்கவர் என்பதில் ஐயமில்லை. தாழ்ந்த சுரம் உண்மையிலேயே மெலிந்துதான் நம் செவிக்கு எட்டுகிறது. நடுத்தானத்து ஒலியை எளிதாகப் பற்றிக்கொள்ளும் மனிதச் செவி, தாழ்ந்த ஒலியை அதே வலிமையில் எழுப்பினாலும் மிகக் குறைவாகவே கேட்கிறது. ஃபிளெச்சர், மன்சன் என்னும் அமெரிக்க அறிவியலர் இருவர் 1933-ஆம் ஆண்டில் இதனை அளந்து வரைபடமாகவே வெளியிட்டனர்.

பாஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அவ்வதிர்வு நம் நாட்டு வெப்பக் காற்றில் பரவும்போது ஓர் அலையின் நீளம் எட்டரை மீட்டர், அதாவது சற்றேறக்குறைய 28 அடி. பாயான் பாருவின் வரிசை வீடொன்றின் முகப்பகலத்தைவிட இது மிகுதி. இத்துணை நெடிய அலையை எழுப்ப நிறையக் காற்று அசைய வேண்டும். ஒரு சுரத்தை ஒரு தானம் கீழிறக்கி, அதே வலிமையோடு ஒலிக்கச் செய்ய வேண்டுமானால், ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தொலைவு முன்னும் பின்னும் அசைந்தாக வேண்டும். ஆகவே பாஸ் கிட்டாரின் வரலாறு ஓர் இசைக்கருவியின் வரலாறாக மட்டும் அமையவில்லை. மெலிந்த ஒலிக்கு வலிவு சேர்ப்பதற்காக மரத்தையும் கம்பியையும் மின்சாரத்தையும் காற்றையும் மனிதர் படிப்படியாக வசப்படுத்திய வரலாறாகவும் அஃது அமைந்துள்ளது. அவ்வரலாற்றில் நம் பினாங்குத் தீவுக்கும் ஒரு பங்குண்டு. அதனை நாம் எழுதி வைக்கத் தவறிவிட்டோம் என்பதே இக்கட்டுரையின் கவலை.

மேலே செல்லுமுன் ஒரு சொற்சிக்கலைத் தீர்த்துக்கொள்வது நன்று. தமிழில் ஒலிபெருக்கி என்னும் ஒரே சொல்லால் இரு வேறு கருவிகளைக் குறித்து வருகிறோம். மின்னலையைப் பெரிதாக்குவது ஒன்று. அம்மின்னலையால் காற்றை அசைப்பது மற்றொன்று. குழப்பம் நேராதிருக்க, முன்னதை ஆம்ப்ளிஃபையர் என்றும், பின்னதை ஸ்பீக்கர் என்றும், ஸ்பீக்கர் அமர்ந்திருக்கும் மரப்பேழையைப் பெட்டி என்றும் ஈண்டு வழங்குவோம். கருவியின் உறுப்புகளுக்கோ பிறமொழிச் சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. வீணைக்குரிய மெட்டு, குதிரை, முறுக்காணி ஆகிய சொற்கள் கிட்டாருக்கும் அப்படியே பொருந்துகின்றன.

மேலைநாட்டு இசைக்குழுக்களில் தாழ்சுரத்தை ஏந்தி நின்றது டபுள் பேஸ் என்னும் ஆளுயரக் கருவி. முழவும் ஊதுகுழல்களும் முழங்கும் நடன அரங்குகளில் அதன் ஒலி அமுங்கிப் போயிற்று. ஊர் ஊராகச் செல்லும் குழுவினர்க்கு அதனைச் சுமந்து செல்வதும் பெரும்பாடாயிருந்தது. 1930களில் சியாட்டில் நகரத்துப் பால் டட்மார்க் என்பவர், கிடைமட்டமாக ஏந்தி வாசிக்கத்தக்க மின்பாஸ் ஒன்றைச் செய்து ஆடியோவாக்ஸ் என்னும் பெயரில் விற்றார். காலம் கனியவில்லை, அம்முயற்சி பரவாமலே நின்றுவிட்டது.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் என்னும் சிற்றூரில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர் அவர். கிட்டாரின் வரலாற்றையே மாற்றிய மனிதருக்கு அதனை வாசிக்கத் தெரியாது என்பது வியப்புக்குரியதே. ஆயினும் பழுதுபார்ப்பவனின் கண் அவருக்கு இருந்தது. 1951-இல் அவர் வெளியிட்ட கருவிக்கு 'பிரிசிஷன் பாஸ்' என்று பெயரிட்டார். பிரிசிஷன் என்றால் துல்லியம். டபுள் பேஸில் மெட்டுகள் இல்லை. விரல் சிறிது பிசகினால் சுரமும் பிசகும். ஃபெண்டர் மெட்டுகளைப் பதித்தமையால் சுரத்தானம் உறுதியாயிற்று. தந்தியின் நீளம் 34 அங்குலம்; நான்கு தந்திகள்; கிட்டாரின் கீழ் நான்கு தந்திகளுக்கும் ஒரு தானம் கீழே சுருதி.

இவற்றினும் முதன்மையானது மற்றொன்று. கழுத்தை உடலோடு ஒட்டாமல், நான்கு திருகாணிகளால் அவர் பிணைத்தார். ஆகவே கழுத்து வளைந்தால் கழுத்தை மட்டும் மாற்றலாம். பிக்கப் என்னும் காந்தச் சுருள் பழுதானால் சுருளை மட்டும் மாற்றலாம். கருவியைப் பிரித்து மாற்றியமைக்கும் மரபு முழுவதும் இந்த நான்கு திருகாணிகளிலிருந்தே தொடங்கியது எனலாம். நம் வீணையில் ஏகாண்ட வீணை என்று ஒரே மரத்தில் குடைவதை உயர்வாகப் போற்றுகிறோம். அதன் பெருமை பெருமைதான். ஆனால் பழுதுபார்ப்பவன் போற்றுவது வேறொன்றை.

1957-இல் பிரிசிஷன் பாஸின் காந்தச் சுருள் இரு பாதிகளாகப் பிரிக்கப்பட்டது. இரு பாதிகளும் எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்டமையால், மின்கம்பிகளிலிருந்து புகும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொண்டது. 1960-இல் வந்த 'ஜாஸ் பாஸ்' கழுத்து மெலிந்தும் இரு சுருள்கள் கொண்டும் அமைந்தது. ஜெர்மனியின் ஹோஃப்னர் நிறுவனம் பிடில் வடிவில் உட்குழிவான பாஸ் ஒன்றைச் செய்தது. எடை குறைவு, தந்தி நீளமும் 30 அங்குலமே. 1961-இல் ஹாம்பர்க் நகரில் பால் மெக்கார்ட்னி என்னும் இளைஞர் அதனை வாங்கிய பின்னர் அஃது உலகறிந்த வடிவமாயிற்று.

இவ்விடத்தில் தமிழர்க்குரிய செய்தி ஒன்றுண்டு. இக்கருவிகளின் விரற்பலகைக்கு முதலில் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் பயன்பட்டது. அம்மரம் அருகியபோது, 1960களில் அவர்கள் நாடியது இந்திய ரோஸ்வுட்டை. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அதனை நாம் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் அழைக்கிறோம். கலிஃபோர்னியாவில் செய்த பாஸின் விரற்பலகையில் நீலகிரியின் சுற்றுவட்டத்து மரம் அமர்ந்திருக்கக் கூடும் என்பதை மாணாக்கர் அறிவது நன்று. 2017-இல் இம்மரவகை பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019-இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது.

கருவி கிடைத்துவிட்டது, ஆனால் அதன் ஒலியை அரங்கின் கடைசி வரிசைக்குக் கொண்டு சேர்ப்பது எங்ஙனம்? 1952-இல் ஃபெண்டர் 'பாஸ்மேன்' என்னும் ஆம்ப்ளிஃபையரை வெளியிட்டார். 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று அதில் இருந்தது. ஓரிரு ஆண்டுகளில் 10 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு அதனிடத்தைப் பெற்றன. பாஸுக்கென்று பிறந்த அக்கருவியைக் கிட்டார் வாசிப்போரே பெரிதும் விரும்பினர். இலண்டனில் ஜிம் மார்ஷல் 1962-இல் தம் முதல் ஆம்ப்ளிஃபையரை அதனைப் பார்த்தே அமைத்தார். பாஸ் வாசிப்போர் மீண்டும் ஒலியின்றி நின்றனர் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர்கட்குத் துணை நின்றது ஆம்பெக் நிறுவனம். டபுள் பேஸின் அடிமுளையில் ஒலிவாங்கி பொருத்தும் முயற்சியிலிருந்து பிறந்தது அதன் பெயர். 1960-இல் அது வெளியிட்ட பி-15, ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு ஏற்ற சிறு கருவி. 1969-இல் வெளியிட்ட எஸ்.வி.டி.யோ 300 வாட் ஆற்றலுடைய பெருங்கருவி. எட்டு ஸ்பீக்கர்கள் கொண்ட பெட்டிகள் அதற்கெனவே செய்யப்பட்டன. 15 அங்குலக் கூம்பைக் கைவிட்டு எட்டுச் சிறு கூம்புகளை ஏன் கொண்டனர்? பெருங்கூம்பு ஒன்று நெடுந்தொலைவு அசைவதைவிட, சிறு கூம்புகள் எட்டு சிறிதளவே அசைந்து அதனினும் மிகுந்த காற்றைத் தள்ளக்கூடும். தேரை ஒருவன் இழுப்பதற்கும் ஊர் கூடி இழுப்பதற்கும் உள்ள வேறுபாடே இது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1961-ஆம் ஆண்டு நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் 'ஷேடோஸ்' குழுவினரும் சிங்கப்பூரில் இசைத்தனர். அக்குழுவின் பாஸ் கலைஞர் ஜெட் ஹாரிஸ் அப்போது குழுவோடிருந்தார். பாடகரின்றியே நான்கு கருவிகளால் அரங்கை நிறைக்கலாம் என்பதை மலாயா இளைஞர் கண்டுகொண்டனர். அதன் பின்னர் எங்கு நோக்கினும் கிட்டார்க் குழுக்கள் எழுந்தன. 1960களின் நடுவில் 'பாப் யே யே' என்னும் மலாய் மெல்லிசை அலை எழுந்தது. அத்தகைய குழுக்களுக்குக் 'குகிரான்' என்றே ஒரு புதுச்சொல் மலாய் மொழியில் தோன்றியது.

பினாங்கில் எழுந்த குழுக்களுள் நாம் மறத்தற்கரியது 'அலிகேட்ஸ்'. லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்னும் தமிழ்ச் சகோதரர் இருவர் அதன் முகமாக விளங்கினர்; பல்லினத்தாரும் அதில் இடம்பெற்றிருந்தனர். 1970களில் ஹாங்காங் நகரின் இரவு விடுதிகளில் இசைத்துப் பயின்ற அக்குழு, அப்பத்தாண்டின் இறுதியில் மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் புகழ்பெற்றது. லோகநாதன் 2007-இல் மறைந்தார். நம் இலக்கியக் கூட்டங்களில் அவர் பெயர் ஒலித்ததாக எனக்கு நினைவில்லை. மலாயில் பாடியவர் நம்மவர் அல்லர் என்று கருதிவிட்டோமோ என்னவோ!

தமிழ் மேடையிலும் மாற்றம் வந்தது. 1976-இல் 'அன்னக்கிளி' வெளியாகி இளையராஜாவின் காலம் தொடங்கியது. அவரே கிட்டார்க் கலைஞராகப் பணியாற்றியவர். அவர் பாடல்களில் பாஸ் கிட்டார் தாளத்தைத் தட்டிக்கொண்டு நிற்கவில்லை. பாடகரின் இசையோடு இணைந்தும் விலகியும் தனக்கென ஓர் இசைக்கோட்டை வரைந்து சென்றது. அப்பாடல்கள் பலவற்றில் பாஸ் வாசித்தவர் சசிதரன். இங்குள்ள மெல்லிசைக் குழுக்கள் அப்பாடல்களை ஆலயத் திருவிழாக்களிலும் திருமண மண்டபங்களிலும் இசைக்க முற்பட்டபோது, பாஸ் கிட்டார் இல்லாமல் அவை பாதிப் பாடல்களாகவே ஒலித்தன. விசைப்பலகையின் இடக்கையால் ஒப்பேற்றிய குழுக்களும் உண்டு. கேட்டவர்க்கு அக்குறை புரிந்தே இருந்தது, பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும்.

பெயர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1960களில் அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றில் பாஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். உலகமே அவர் விரல்களின் ஒலிக்கு ஆடியது. எந்த இசைத்தட்டு உறையிலும் அவர் பெயர் இல்லை. 1971-இல் மார்வின் கேயின் இசைத்தொகுப்பு ஒன்றில்தான் அது முறையாக அச்சாயிற்று. தமிழ்த் திரைப்பட இசைத்தட்டுகளும் நெடுங்காலம் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் என்னும் மூவரோடு நின்றுவிட்டன. ஏ. ஆர். ரகுமானின் ஒலிநாடாக்களில் இசைக்கலைஞர் பட்டியல் அச்சாகத் தொடங்கிய பிறகுதான், கீத் பீட்டர்ஸ் என்னும் சென்னைப் பாஸ் கலைஞரின் பெயரைக் கேட்போர் அறிந்தனர். சென்னைக்கே இந்நிலை என்றால், பட்டர்வொர்த்திலும் ஜார்ஜ் டவுனிலும் பந்தலின் பின்வரிசையில் நின்று வாசித்தோரின் பெயரை யார் குறித்து வைத்தனர்? தமிழாசிரியர்கள் மாணாக்கர்க்குக் களப்பணி கொடுக்கும்போது, வீட்டிலுள்ள பழைய நிகழ்ச்சி அழைப்பிதழ்களையும் நிழற்படங்களையும் தேடச் செய்யலாம். பின்வரிசையில் நிற்பவர் யார் என்று தாத்தாவையும் பாட்டியையும் கேட்டு எழுதச் செய்யலாம். கேட்டால் சொல்லக்கூடியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

வாசித்தவர் பெயரே இல்லையெனில், கருவியைத் திருத்தியவர் பெயருக்கு எங்கே போவது? இங்குதான் பாயான் பாரு நம் வரலாற்றுக்குள் நுழைகிறது. 1786 முதல் தீர்வையற்ற துறைமுகமாக வாழ்ந்த பினாங்கு, 1969-இல் அச்சலுகையை இழந்தது. வேலையின்மை பெருகியது. அவ்வாண்டே பினாங்கு மேம்பாட்டுக் கழகம் அமைந்தது. 1972-இல் பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் தடையற்ற வாணிக வலயம் திறக்கப்பட்டது. தொழிலாளர் குடியிருக்கும் புதுநகராக அதன் அருகே வயல்களின் நடுவில் எழுந்ததே பாயான் பாரு. முதலில் வந்த எட்டு நிறுவனங்களை எட்டுச் சாமுராய்கள் என்று இங்குள்ளோர் அழைப்பர். நேஷனல் செமிகண்டக்டர், இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கார்ட், லிட்ரானிக்ஸ், ஹிட்டாச்சி, கிளேரியன், போஷ் என்பன அவை. இவற்றுள் கிளேரியன் மகிழுந்து வானொலிகளுக்குப் பெயர்பெற்றது. நேஷனல் செமிகண்டக்டரின் எல்.எம்.386 என்னும் சிறுசில்லு, உலகெங்கும் மாணவர் செய்யும் சிறு ஆம்ப்ளிஃபையர்களின் உயிர்நாடி. ஹிட்டாச்சி உருவாக்கிய மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர்கள் 1970களின் பிற்பாதி முதல் மேடை ஆம்ப்ளிஃபையர்களில் இடம்பெற்றன.

அவ்வாலைகளில் மூவினப் பெண்களும் நுண்ணோக்கியின் கீழ் மயிரிழை போன்ற கம்பிகளை இணைத்தனர். பற்றவைக்கும் கோலும் மின்னளவியும் ஒரு தலைமுறைக்கே பழகிய கருவிகளாயின. மலேசியத் தமிழர் வரலாறு என்றவுடன் தோட்டம், இரயில் பாதை, துறைமுகம், ஆலயம் என்று எழுதிப் பழகிவிட்டோம். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆனால் பகலில் மின்னணு ஆலையில் பணிபுரிந்து இரவில் இசைக்குழுவின் ஆம்ப்ளிஃபையரைத் திறந்து பார்க்கத் துணிந்த கைகளும் ஒரு வரலாற்றுக்கு உரியவை அல்லவா?

அக்கைகள் கற்றவை எவை என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். பாஸ் வாசிக்கத் தொடங்கும் இளைஞர் கையிலுள்ள பணத்தில் பெரும்பகுதியைக் கிட்டாருக்குக் கொடுத்து, மிச்சத்தில் ஆம்ப்ளிஃபையர் வாங்கி, பெட்டியைக் கடன் கேட்கின்றனர். என் கருத்தில் இவ்வரிசை தலைகீழானது. முதலில் பெட்டி, அடுத்து ஆம்ப்ளிஃபையர், கடைசியில் கருவி. எளிய கருவியின் ஒலியும் நல்ல பெட்டியில் நிமிர்ந்து நிற்கும். எத்துணை விலையுயர்ந்த கருவியாயினும் வலுவற்ற பெட்டியில் முனகும். கிட்டாருக்குரிய ஸ்பீக்கரில் பாஸை இணைப்பதோ கூம்பையே கிழித்துவிடும். அவ்வளவு தொலைவு அசைவதற்காக அஃது உருவாக்கப்படவில்லை.

ஆம்ப்ளிஃபையரில் வாட் எண்ணிக்கையைக் கண்டு மயங்கலாகாது. ஆற்றலை இருமடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல்லே உயரும். செவிக்கு இருமடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஆற்றல் பத்து மடங்காக வேண்டும். 100 வாட்டுக்கும் 150 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு விலைச்சீட்டில் தெரியுமளவு செவியில் தெரிவதில்லை. அதனினும் கவனிக்க வேண்டியது ஓம் கணக்கு. 8 ஓம் பெட்டிகள் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம்; 4 ஓம் பெட்டிகள் இரண்டைச் சேர்த்தால் 2 ஓம். 4 ஓமுக்குக் கீழ் செல்லாதே என்று பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் 2 ஓமை இணைத்தால், அது நிகழ்ச்சியின் நடுவில் சூடேறி அணையும், அல்லது எரிந்தே போகும். வால்வு ஆம்ப்ளிஃபையரோ ஸ்பீக்கர் இணைக்காமல் இயக்கினால் கெடும்.

பழைய அமெரிக்கக் கருவிகள் நம் நாட்டில் மற்றொரு தொல்லை கொடுத்தன. அவை 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு உரியவை. ஜப்பானின் உள்நாட்டுக் கருவிகள் 100 வோல்ட்டுக்கு உரியவை. நம் வீட்டிலோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டைக் குறைக்க மின்மாற்றி உண்டு; அதிர்வெண்ணை அதனால் மாற்ற முடியாது. 60 ஹெர்ட்ஸுக்கு அளந்து செய்த மின்மாற்றி 50 ஹெர்ட்ஸில் மேலும் சூடேறும். வாங்குமுன் பின்புறத் தகட்டைப் படிப்பது நன்று. வால்வு வகையைத் திறக்க எண்ணுவோர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். அதன் மின்தேக்கிகள் பல நூறு வோல்ட்டுகளை, மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் தேக்கி வைத்திருக்கும். பயிற்சியில்லாத கை அங்கு நுழையலாகாது.

கருவியைத் தேர்வதில் பினாங்கின் காற்று ஒரு நீதிபதி. கடலுப்பும் ஈரமும் கலந்த காற்றில் தந்தி துருப்பிடிக்கும், கழுத்து வளையும், சுழல்குமிழ்கள் கரகரக்கும். கடையில் கருவியை எடுத்தவுடன் வாசித்துப் பார்ப்பதற்கு முன், கழுத்தின் நீளத்தில் கண்ணை வைத்து நோக்க வேண்டும். மெல்லிய உள்வளைவு இருக்கலாம், முறுக்கு இருக்கலாகாது. வளைவைக் கழுத்தினுள்ளிருக்கும் இரும்புக் கோலைத் திருகிச் சரிசெய்யலாம். ஒரு முறைக்குக் கால் சுற்று மட்டும் திருப்பி, ஒரு நாள் பொறுத்திருந்து மீண்டும் பார்ப்பதே முறை. முறுக்கேறிய கழுத்துக்கு எளிய மருந்தில்லை. எடையையும் பார்க்க வேண்டும். மூன்று மணி நேரத் திருவிழா நிகழ்ச்சியில் தோள்பட்டை அதனைச் சொல்லிவிடும்.

மாற்றியமைப்பதில் இரு பெருங்கலைஞர்கள் இரு துருவங்கள். முன்சொன்ன ஜேமர்சன் எதையும் மாற்றாதவர். தட்டையாகச் சுற்றிய தந்திகளை அறுந்தாலன்றி மாற்றமாட்டார். ஒலி நீளாதிருக்கக் குதிரையருகே பஞ்சு வைத்திருந்தார். ஜேக்கோ பாஸ்டோரியஸோ தம் ஜாஸ் பாஸின் மெட்டுகளை அகற்றி, பள்ளங்களை மரப்பசையால் அடைத்து, படகுக்குப் பூசும் எபாக்சியைப் பூசினார். 1976-இல் வெளிவந்த அவர் இசைத்தட்டு, மெட்டற்ற பாஸ் என்னும் புது உலகைத் திறந்தது. கோட்டு வாத்தியம் கேட்டுப் பழகிய நம் செவிக்கு அவ்வழுக்கொலி புதிதன்று. கமகத்தை விரும்பும் தமிழ் இளைஞர் மெட்டற்ற பாஸை இன்னும் நாடாதிருப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

சாதாரண மாற்றங்களுள் பயன் மிகுந்தது செம்புத்தகடு ஒட்டுதல். கருவியின் உட்குழியில் மெல்லிய செம்புத்தகட்டை இடைவெளியின்றி ஒட்டி, அதனைத் தரைக்கம்பியோடு பற்றவைத்தால், குழல்விளக்கும் மின்விசிறியும் எழுப்பும் இரைச்சல் பெரிதும் அடங்கும். ஜாஸ் பாஸுக்கு இஃது இன்றியமையாதது. ஒரு சுருளின் ஒலியைக் குறைத்தவுடன் ஐம்பது ஹெர்ட்ஸ் முனகல் தலைகாட்டும். பிரிசிஷன் பாஸில் குதிரையருகே இரண்டாவது சுருள் ஒன்றைப் பொருத்துவோர் உளர். ஒலியில் கூர்மை சேரும். மரத்தைக் குடைய வேண்டும் என்பதால் ஒரு முறைக்கு இருமுறை எண்ணிச் செய்ய வேண்டியது. 1976-இல் லியோ ஃபெண்டரின் கைவண்ணத்தில் வந்த 'ஸ்டிங்ரே', 9 வோல்ட் மின்கலத்தால் இயங்கும் முன்பெருக்கியைக் கருவிக்குள்ளேயே வைத்தது. இன்று அத்தகைய சுற்றுகளைத் தனியே வாங்கிப் பொருத்தலாம். நிகழ்ச்சியின் நடுவில் மின்கலம் தீர்ந்தால் ஒலி முற்றும் நின்றுவிடும் என்பதை விற்பவர் சொல்வதில்லை.

பெட்டி செய்வதைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. முன்னலையும் பின்னலையும் சந்தித்தால் தாழ்சுரம் அழிந்துபோகும். அவற்றைப் பிரிப்பதே பெட்டியின் முதற்பணி. முற்றும் மூடிய பெட்டி ஒரு வகை. துளையும் குழாயும் உள்ள பெட்டி மற்றொரு வகை. பின்னதன் தத்துவத்தை நம் கடத்தில் காணலாம். கடக் கலைஞர் பானையின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் தாழொலியை மாற்றுகிறார். உள்ளிருக்கும் காற்றும் வாயின் அளவும் சேர்ந்து சுருதியை முடிவு செய்கின்றன. துளைப்பெட்டியும் அவ்வாறே ஒரு சுருதிக்கு அமைகிறது. அச்சுருதிக்குக் கீழே கூம்புக்குப் பிடிப்பில்லை. கட்டின்றி அசைந்து கிழியும்.

இதற்கான கணக்கை ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-இல் வெளியிட்டார். ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் முற்பகுதியில் விரிவாக்கினார். அதற்குமுன் பெட்டி செய்வது பெரிதும் கைப்பழக்கமும் ஊகமுமே. இன்று ஒவ்வொரு ஸ்பீக்கருடனும் அவ்விருவர் பெயரால் அமைந்த எண்கள் வருகின்றன. அவற்றைக் கொண்டு பெட்டியின் கொள்ளளவையும் குழாயின் நீளத்தையும் முன்கூட்டியே கணிக்கலாம். யாழ்களின் சுருதியைக் கணித முறையால் ஆராய்ந்து விபுலானந்த அடிகள் 1947-இல் 'யாழ் நூல்' தந்தார். அந்நூலைப் போற்றும் நாம் இக்கணக்கைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. மூடிய பெட்டியில் தாழொலி போதவில்லை என்று கணக்கின்றித் துளையிடுவோரைக் கண்டால்தான் அஞ்ச வேண்டும்.

பலகைக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. மெரந்தி மரத்து ஒட்டுப்பலகை எங்கும் கிடைக்கிறது. 18 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். அடுக்குகளுக்கிடையே வெற்றிடமுள்ள மலிவுப் பலகை, குறிப்பிட்ட சுரங்களில் தானே நடுங்கிச் சலசலக்கும். விரலால் தட்டிக்கொண்டே போனால் வெற்றிடம் ஒலியால் தெரியும். இணைப்புகளைப் பசையும் திருகாணியும் இட்டு இறுக்கி, உள்ளே குறுக்குச் சட்டங்கள் அடிக்க வேண்டும். அழுத்திய மரத்தூள் பலகை வீட்டு அலமாரிக்கு ஏற்றதாகலாம். மேடைக்கு ஏற்றிச் செல்லும் பெட்டி மழையில் ஒருமுறை நனைந்தால் அதன் விளிம்பு பொரிபோல் உப்பிவிடும்.

எஸ்.வி.டி. ஆம்ப்ளிஃபையர் 40 கிலோவுக்கு அண்மையது. எட்டு ஸ்பீக்கர் பெட்டி 60 கிலோவுக்கும் மேல். அடுக்குமாடி வீடுகள் நிறைந்த பாயான் பாருவில் அதனை மாடியேற்றுவதற்குள் நால்வர் வியர்த்துவிடுவர். ஏற்றிய பின்னரோ, எட்டரை மீட்டர் அலை சுவரை மதிப்பதில்லை. மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் கதவைத் தட்டுவர். 2000க்குப் பின்னர் டி வகுப்பு ஆம்ப்ளிஃபையர்கள் பரவின. வெப்பமாக வீணாகும் ஆற்றல் குறைந்தமையால் 500 வாட் கருவியும் மூன்று கிலோவுக்குள் அடங்கிவிட்டது. நியோடிமியம் காந்தங்கள் ஸ்பீக்கரின் எடையையும் குறைத்தன. இதனால் பழைய பெட்டிகள் மலிவாக விற்பனைக்கு வருகின்றன. கட்டுமானம் உறுதியாக இருப்பின் அவற்றை வாங்கிப் புது ஸ்பீக்கர் பொருத்துவதில் தவறில்லை. ஆனால் அளவு ஒன்றாயிருப்பதால் மட்டும் பொருந்திவிடாது. தீல், ஸ்மால் எண்கள் அப்பெட்டியின் கொள்ளளவுக்கு இணங்க வேண்டும். பழைய ஸ்பீக்கரைக் கழற்றுமுன் கம்பிகளின் இணைப்பை வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும். நேர்முனை மாறினால் ஒரு கூம்பு தள்ளும்போது மற்றொன்று இழுக்கும், தாழொலி காணாமற்போகும். பொருத்தி மூடும்போது விளிம்பின் நுரைப்பட்டையைப் புதிதாக ஒட்டுவது நன்று. ஒருமுறை நசுங்கிய பட்டை மீண்டும் காற்றை அடைப்பதில்லை.